பீலியில் கழுவிய தங்கம்

கத்தாரிலிருந்து வந்த என் தம்பி ஒரு மெட்டல் டிடெக்டர் கொண்டுவந்தான். யூடியூபில் யார் யாரோ தங்கக் கட்டி எடுப்பதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை காலையே, நான் வாழ்க்கைப்பட்ட வட்டகொடைத் தோட்டத்தில் காடாகிக் கிடக்கும் பழைய தேயிலை மலைக்கு ஏறினோம்.

மெஷினை வைத்த இடமெல்லாம் கத்தியது. தோண்டினால் ஆணி, தகரம். பத்துப் பன்னிரண்டு குழிக்குப் பிறகு மண் அப்பிய மஞ்சள் மணி ஒன்று கிடைத்தது. தங்கக் கட்டியேதான்! எந்தக் குழியையும் மூடக்கூட நிற்காமல் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு ஓடிவந்து கழுவினேன். மண் கரைந்ததும் சிவப்புக் கல் தெரிந்தது. பின்னால் திருகு. மூக்குத்தி.

குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா எட்டிப் பார்த்தார்.

"அந்த மலையிலயா எடுத்தீங்க? அங்கதானே முந்தி நம்ம ஆளுங்கள பொதைப்பாங்க. திருகு கழட்ட வரலைன்னா மூக்குத்தியோடயே விட்டுருவாங்க, தங்கச்சி."

என் கை தானாக என் மூக்குக்குப் போனது.

திரும்ப ஓடினோம். எல்லாக் குழியும் ஒன்றுபோலவே இருந்தது. எது அவளுடையது? குத்துமதிப்பாக ஒன்றில் வைத்து மூடினோம். சரியான குழிதானா என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

தம்பி அந்த மெஷினை அப்புறம் தொடவில்லை. நான் வாரா வாரம் எண்ணெய் விட்டு, என் மூக்குத்தித் திருகைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போடுகிறேன். என்னை யாரும் தோண்ட வேண்டாம்.