தவளை மாப்பிள்ளைக்குக் கண்ணீர் அஞ்சலி

கத்திரி என்னோடு பேசாமல் இருந்த இரண்டு வருடமும் நியாயமான இரண்டு வருடம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கோபக்காரி என்று பட்டம் கட்டியவர்கள் பலர். அந்தக் கோபத்துக்குக் காரணமானவர்களில் நான் முதல் வரிசை.

கத்திரி என்பது கல்லூரியில் நாங்கள் வைத்த பெயர். விலங்கியல் வகுப்புக்கு வரும்போது அவள் கோட்டுப் பையில் ஒரு சின்னக் கத்திரிக்கோல் எப்போதும் இருக்கும். நாக்கும் அதே ரகம்தான். இன்று அவள் ஒரு பெரிய மருத்துவமனையில், திசுக்களைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அறுவை அறையிலிருந்து வரும் சதைத் துணுக்கை மெழுகில் புதைத்து, இறுகியதும் இயந்திரத்தில் பொருத்தி, முடியைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி எடுப்பாள். அதில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் பார்க்கிற டாக்டருக்குக் குழப்பம். அவள் கையில் சுருக்கம் விழாது.

அந்தக் கைத்திறன் கல்லூரியிலேயே வந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு, தவளை அறுக்கும் வகுப்பு. ஆய்வகத்து உதவியாளரை நாங்கள் குளோரோஃபார்ம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மேல் அடிக்கும் வாடையும் அதுதான், அவர் பேசினால் நமக்கு வருவதும் அந்தத் தூக்கம்தான். அன்று அவர் தவளை ஜாடியைச் சரியாக மூடவில்லை. ஒரு தவளை வெளியே துள்ளி, மேஜை மேஜையாகத் தாவி, நேராகக் கத்திரியின் உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து அறை வேதியியல் பேராசிரியர் தீப்பிடித்துவிட்டதென்று வாளியோடு ஓடி வந்தார்.

குளோரோஃபார்ம் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "யார் தலையில தவளை ஏறுதோ, அவங்களுக்கு வருஷத்துக்குள்ள கல்யாணம்."

கத்திரி தலையிலிருந்து அதைப் பிடித்து அவர் கையில் கொடுத்தாள். "அப்ப முதல்ல இதையே மயக்கிப் போடுங்க. எனக்கு இதை அறுக்கணும்."

அந்தத் தவளையின் மூளை நரம்புகள் ஒன்றுகூட அறுபடாமல் மெழுகு ஊற்றிய தட்டில் அவள் பிரித்து வைத்ததைப் பேராசிரியர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். குளோரோஃபார்ம் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "ஏறி வந்த மாப்பிள்ளையையே அறுத்துட்டியேம்மா. இனி உனக்கு ஜென்மத்துக்கும் கல்யாணம் கிடையாது."

எனக்கு அது போதாதா? மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன். 'கண்ணீர் அஞ்சலி. எங்கள் வகுப்பு மாப்பிள்ளை, திருவாளர் தவளையார், நேற்று முற்பகல் மணமகள் கையாலேயே மெழுகுத் தட்டில் இயற்கை எய்தினார். கல்யாணத்துக்கு முன்பே கைம்பெண்ணான கத்திரிக்கு வகுப்பின் ஆழ்ந்த அனுதாபங்கள்.' விழுந்து விழுந்து சிரித்தவர்களில் அவள்தான் முதல் ஆள். பேனாவை வாங்கிக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'இயற்கை அல்ல, செயற்கை.' யாரோ அதைப் படம் எடுத்தார்கள். அப்போது எங்களுக்குப் பத்தொன்பது வயது.

பதினான்கு வருடம் போயிற்று. பழைய வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் அந்தப் படம் ஒருநாள் தலைகாட்டியது. கத்திரியின் பிறந்தநாள் வந்தபோது அதை எடுத்து மறுபடி போட்டு, மேலே எழுதினேன்: 'குளோரோஃபார்ம் வாக்கு பலித்துவிட்டது! முப்பத்து மூன்று வயது, மாப்பிள்ளை இன்னும் தட்டில்தான்.' நாற்பது பேர் சிரித்தார்கள். கத்திரி ஒன்றும் எழுதவில்லை. வேலையில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் நான், கெட்டது அவள்.

அந்த மாதம்தான் அவளுக்கு ஒரு இடம் பேசி முடிக்கிற நிலையில் இருந்தது. பையன் பாலம் கட்டும் பொறியாளர். அவனுடைய அக்கா எங்கள் வகுப்புத் தோழி. கடைசி வரிசையில் உட்கார்ந்து என் விடைத்தாளைப் பார்த்துப் பரீட்சை எழுதியவள். அவள் அந்தப் படத்தைத் தன் அம்மாவிடம் காட்டினாள். சிரிக்கத்தான் காட்டினேன் என்று பிறகு சொன்னாள். அம்மாக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்தவர் யாரையோ கேட்டுக்கொண்டு வந்து, இது தவளை சாபம் என்று நிபந்தனை போட்டாள்: பெண் ஒரு உயிருள்ள தவளையை இரண்டு கையிலும் ஏந்தி, மூன்று தடவை மன்னிப்புக் கேட்டு, தண்ணீரில் விட வேண்டும். அப்புறம்தான் மேற்கொண்டு பேச்சு.

கத்திரியின் அம்மா அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சரி என்றுவிட்டார். எனக்குப் போன் செய்து, "நீயும் வந்துடும்மா. நீ இருந்தா அவ கொஞ்சம் அடங்குவா" என்றார். நானும் போனேன். தடுத்திருக்க வேண்டும், வேடிக்கை பார்க்கப் போனேன் என்பதே உண்மை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்த கத்திரி, கூடத்தில் பையனையும் அவன் அம்மாவையும் பார்த்துச் சிரித்தாள். பிறகு மேஜை மேல், மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்தாள். அவள் அம்மா தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னார்.

கத்திரி மூடியைத் திறந்தாள்.

"இது தவளை இல்ல. தேரை."

"எல்லாம் ஒண்ணுதானேம்மா" என்றாள் பையனின் அம்மா.

"ஒண்ணு இல்லைங்க. நான் அறுத்தது தவளை. பக்கத்து வீட்டுக்காரனை அடிச்சுட்டு எதிர் வீட்டுக்காரன்கிட்ட போய் மன்னிப்புக் கேக்கச் சொல்றீங்க."

"கிண்டல் பண்ற விஷயமா இது? கையை நீட்டும்மா" என்று அந்த அம்மாளே தேரையைப் பிடித்துத் தூக்கினாள். பிடி இறுகியதும் அது அவள் மடியை நனைத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கத்திரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவள் பையனிடம் கேட்டாள். "உங்களுக்கு என்ன தோணுது?"

அவன் போனை விட்டுத் தலையைத் தூக்கினான். "ஒரு நிமிஷ வேலைதானே. அம்மா மனசு நிம்மதியாயிடும்."

"ஆத்துக்கு நடுவுல தூண் நிறுத்தறீங்க. அங்க எந்தத் தவளைகிட்ட அனுமதி வாங்கினீங்க?" அவள் குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "தினமும் என் மேஜைக்கு யாரோ ஒருத்தரோட மார்புல இருந்தோ குடல்ல இருந்தோ ஒரு துண்டு வருது. அந்த வீட்டுல எல்லாரும் சோறு இறங்காம காத்துக்கிட்டு இருப்பாங்க. நான் ஒழுங்காச் சீவினாத்தான் அவங்களுக்குப் பதில். பத்து வருஷமா அந்த வேலை செய்யற கை இது. இதை நீட்டித் தேரைகிட்ட மன்னிப்புக் கேக்கணுமா?"

கத்திரியின் அம்மா அழுதார். "ஒரே ஒரு தடவை தொட்டுட்டு விட்டுடேன்டி. உனக்கு என்ன குறைஞ்சுடப் போகுது?"

அந்தக் கேள்விதான் அவளை அடித்தது. தேரையை வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் ஈரமாக இருந்த செடிகளுக்கு அடியில் விட்டுவிட்டு வந்தாள். பையனின் அம்மா முகம் மலர்ந்தது. "மன்னிப்புக் கேட்டியாம்மா?"

"கேட்டேன். டப்பாவுல அடைச்சு வச்சதுக்கு." கத்திரி வாசல் கதவை அகலத் திறந்தாள். "கிளம்புங்க."

அவர்கள் போனார்கள். நானும் நழுவப் பார்த்தேன். படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள்.

"பத்தொன்பது வயசுல எழுதினே, சரி. நானும் சேர்ந்து சிரிச்சேன். போன மாசம் திரும்பப் போட்டியே, அப்ப உனக்கு என்ன வயசு?"

"சும்மா தமாஷுக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"போயிடு. இன்னொரு வார்த்தை பேசினா கை நீட்டிடுவேன்."

அடுத்த மாதமே அவள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பையன் ஒருமுறை பரிசோதனைக்கூட வாசலில் வந்து நின்று, தனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றானாம். "அன்னைக்குச் சொல்லியிருக்கணும்" என்று கதவைச் சாத்திவிட்டாளாம். நான் அழைத்தால் எடுக்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து, ஓய்வு பெற்ற குளோரோஃபார்மைத் தேடிப்பிடித்தேன். அவரையாவது நன்றாகத் திட்ட வேண்டும் என்ற வெறி. அவர் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார்.

"தவளை, கல்யாணம்… நானா சொன்னேன்? இருக்கும்மா. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைங்க அறுக்கப் பயந்து நடுங்கும். சிரிக்க வைக்க ஏதாவது அவுத்துவிடுவேன். ஒரு வருஷம் கல்யாணம்னு சொல்லுவேன், இன்னொரு வருஷம் வெளிநாட்டு வேலைன்னு சொல்லுவேன். அதையெல்லாம் யாராவது நம்புவாங்களா?"

திட்டப் போனவள் திட்டாமலே திரும்பி வந்தேன். ஊர் உலகத்தில் இல்லாத நம்பிக்கை. பிள்ளைகளைச் சிரிக்க வைக்க ஒரு மனிதர் உளறியது. அதை எழுதி, பதினான்கு வருடம் கழித்துப் பலித்ததென்று பறை சாற்றியவள் நான். நடந்தது முழுவதையும், என் பங்கை மறைக்காமல், அந்தக் குழுவில் எழுதினேன். பையனின் அக்கா உடனே குழுவைவிட்டு வெளியேறினாள். ஐந்தாறு பேர் அதற்கும் சிரித்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மறுநாள் மதியம் கத்திரி அழைத்தாள். யாரோ அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"சமாதானம் ஆயிட்டேன்னு நினைக்காதே. திட்டத்தான் கூப்பிட்டேன்."

"திட்டு" என்றேன்.

சாப்பாட்டு இடைவேளை முடியும்வரை திட்டினாள். அவளுடைய அம்மா இன்னும் அந்தத் தேரையைத் தொட்டிருக்கலாம் என்றே சொல்கிறாராம். அதற்கும் சேர்த்து எனக்குத்தான் விழுந்தது. முடிவில், துண்டுகள் வந்துவிட்டன, வேலை கிடக்கிறது என்றாள்.

"மீதி நாளைக்கு" என்று போனை வைத்தாள்.