திரைக்கு வெளியே நின்ற என் குரல்

முதலில் அவள் மூட்டைமேல் உட்காருவதை நிறுத்தினாள். எங்கள் கடையில் நாற்காலி போட இடம் கிடையாது. அரிசி மூட்டைதான் ஆசனம். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் அதில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது அவள் வழக்கம். ஒரு மழைக்காலத்தில் நின்றுகொண்டே குடிக்க ஆரம்பித்தாள். கேட்டால், “கொஞ்சம் நோகுது” என்பாள். எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். பிறகு மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் ரத்தம் போகத் தொடங்கியது.

அவளைச் சுகந்தி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. இலங்கையில், வன்னியில் பிறந்தவள். யுத்தம் முடிந்தபின் படகில் வந்து, தூத்துக்குடிப் பக்கம் ஓர் அகதி முகாமில் இருந்தாள். முகாமுக்கு எதிரே கடை வைத்திருந்த என் அத்தைதான் எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்து வைத்தாள். நான் மும்பை தாராவியில் மளிகைக்கடைக்காரன். அப்போதே நாற்பதைத் தொட்டவன். “குணமான பிள்ளை, அதிகம் பேச மாட்டா” என்றாள் அத்தை. பேசுவதற்கு நீ ஒருத்தன் போதாதா என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பேச்சுதான் என் பெருமை. எங்கள் சந்தில் யாருக்கு ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், ரேஷன் ஆபீஸ் என்றாலும், “அண்ணாச்சி, கொஞ்சம் கூட வாங்க” என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது என் விஷயத்தில் பலித்த பழமொழி. ஊரிலிருந்து வந்த பெண்களுக்கு இந்தி சரியாக வராது. டாக்டரிடம் புருஷன்தான் பேசுவான். பெண்டாட்டியைத் தனியாக அனுப்பியவனை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நல்ல புருஷன் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்த வழக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான்.

ஒரு தனியார் நர்சிங் ஹோமில் மராத்திக்கார டாக்டரம்மா பார்த்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். நான் சுகந்தியிடம் கேட்டேன். அவள் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி, “கொஞ்ச நாள்” என்றாள். நான் இந்தியில் ஒரு மாதம் என்றேன். வேறு தொந்தரவு உண்டா என்றார். “ஒண்டும் இல்லை” என்றாள். அதை நான் நன்றாகவே மொழிபெயர்த்தேன்.

உள்பரிசோதனை (பிறப்புறுப்பு வழியாகக் கருப்பையின் வாயைப் பார்ப்பது) செய்யத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார்கள். அவள் உடம்பை இறுக்கிக்கொண்டாள் போல. பாஷை புரியவில்லை என்று நினைத்த டாக்டர், திரைக்குள்ளிருந்தே என்னைச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். உரக்க, தெளிவாக, வீட்டில் பேசும் தமிழில்: “காலை அகட்டிப் படு. அசையாம கிட. கொஞ்ச நேரந்தான், முடிஞ்சிரும்.”

உள்ளே ஒரு தட்டு விழுந்தது. நான் திரையை விலக்கியபோது அவள் கண்கள் செருகி, கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. நர்ஸ் அவள் தோள்களை அழுத்திப் பிடித்திருந்தார். நானும் ஓடிப்போய்க் கால்களைப் பிடித்தேன். பிடிக்கப் பிடிக்க அதிகமானது.

வலிப்பு என்று மூளை டாக்டரிடம் அனுப்பினார்கள். இ.இ.ஜி. (மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்தார்கள். கோளாறு எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் மாத்திரை கொடுத்தார்கள். அத்தை போனில் குலசாமிக்கு நேர்ந்துகொண்டாள். மாத்திரையில் அவள் நாளெல்லாம் தூங்கி வழிந்தாள். ரத்தம் மட்டும் நிற்கவில்லை. இன்னொரு கிளினிக்குக்குப் போனோம். அங்கேயும் திரை, அங்கேயும் நான், அங்கேயும் அதே இழுப்பு. அதன்பின் எந்த டாக்டரிடமும் வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மழைக்காலத்தில் தொடங்கியது, மாம்பழ சீசன் வரை இழுத்துவிட்டது. நோய் நமக்காகக் காத்திருக்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் கடையிலேயே மயங்கி விழுந்தாள். டாக்சியில் போட்டு நகராட்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் வார்டுக்கு ஓர் அம்மா வந்தார். ஆஸ்பத்திரியின் சமூக சேவகி. மாதுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். வைதேகி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டுகளைப் பார்த்தார். இழுப்பு எப்போதெல்லாம் வந்தது என்று விசாரித்தார். இரண்டு முறையும் பரிசோதனை மேஜையில்தான் என்றேன்.

“நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்கோ. நான் அவளோட தனியாப் பேசணும்.”

“அவளுக்கு இந்தி வராது மேடம். நான் இல்லாம எப்படிப் பேசுவீங்க?”

“இப்ப நான் உங்ககிட்ட தமிழ்லதானே பேசறேன்?”

எனக்குக் கோபம். சொந்தப் பெண்டாட்டியிடமிருந்து என்னை விலக்க இவர் யார்? வராந்தாவில் நின்று எனக்குள்ளேயே இந்தியிலும் தமிழிலும் சண்டை போட்டேன். பக்கத்தில் யாரோ ஒருவர் டிபன்பாக்ஸைத் திறந்து சாப்பிட்டு, கழுவி, மூடிவிட்டார். கதவு திறக்கவே இல்லை. திறந்தபோது வைதேகி மேடத்தின் கண்கள் சிவந்திருந்தன.

“அவ சொன்னது எதையும் நான் உங்களுக்குச் சொல்லப் போறதில்லை. அது அவளோடது. உங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும்கிற ஒண்ணு மட்டும் சொல்லச் சொன்னா. யுத்தத்துல சில ஆம்பளைகள் அவளைப் பிடிச்சு வெச்சிருந்தா. அங்க அவா இவ உடம்பை நாசம் பண்ணியிருக்கா. இது வலிப்பு நோய் இல்லை. பழைய பயம் உடம்புல திரும்பி வர்றது.”

தொடர்ந்து சொன்னார். “கிளினிக்ல டாக்டர்கள் அவளைப் படுக்க வெச்சிருக்கா. திரைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு ஆம்பளைக் குரல், தமிழ்ல, ‘அசையாம கிட’ங்கறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்கோ.”

நான் வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை வருஷமாக அவள் வாயைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். சொல்ல வேண்டுமென்றால் அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதை நான் இந்தியாக்கி அந்நியர்களிடம் சொல்ல வேண்டும். எந்தப் பெண் சொல்வாள்?

பயாப்ஸிக்கு (திசுவைக் கிள்ளியெடுத்துச் சோதிப்பது) நாள் குறித்தார்கள். மயக்க மருந்து தரலாம் என்றார்கள். நினைவில்லாமல் கிடக்க மாட்டேன், முழித்திருக்கும்போதே செய்யட்டும் என்றாள். வைதேகி மேடம் ஏற்பாடு செய்தார். அறையில் பெண்கள் மட்டும். யாரும் அவளைப் பிடிக்கக் கூடாது. “நிப்பாட்டுங்கோ” என்று அவள் சொன்னால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். மராத்தி டாக்டரும் மலையாளி நர்ஸும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பழகினார்கள். என்னிடம் சுகந்தி நேராகவே சொன்னாள்: “நீங்கள் கதவுக்கு வெளியில இருங்கோ. கதைக்க வேண்டாம்.”

வெளியே நின்றேன். முதல் தடவை அவள் குரல் கேட்டது. “நிப்பாட்டுங்கோ.” உள்ளே எல்லாச் சத்தமும் அடங்கிற்று. கருவியை வைக்கும் ஒலிகூட இல்லை. வெகுநேரம் கழித்து, “சரி” என்றாள். திரும்பவும் “நிப்பாட்டுங்கோ.” திரும்பவும் நிறுத்தினார்கள். இதே சொல்லை அவள் முன்பும் சொல்லியிருப்பாள், கத்தியிருப்பாள், அப்போது ஒருவனும் நிறுத்தவில்லை என்பது அந்தக் கதவடியில்தான் எனக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

முடிவு, கருப்பைவாய்ப் புற்றுநோய். முற்றிய கட்டம். அந்தக் கிளினிக்குகளில் போன மாதங்கள் இருந்திருந்தால் என்று டாக்டர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கதிர்வீச்சு, கூடவே கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவது). பிறகு உள்கதிர்வீச்சு (கதிர்க்கருவியைக் கருப்பைவாய்க்கு அருகிலேயே வைத்துத் தருவது). ஒவ்வொரு முறையும் அதே ஏற்பாடு, அதே சொல். இழுப்பு வரவே இல்லை. வலிப்பு மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். வாந்தி, பேதி, எரிச்சல் எல்லாம் இருந்தன. ஆனால் முகம் தெளிந்தது. வைதேகி மேடத்தோடு வாராவாரம் உட்கார்ந்து கதைத்தாள். என்ன கதைத்தாள் என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு வருஷம்போல நன்றாக இருந்தாள். மூட்டைமேல் உட்கார்ந்தாள். கடைக்கு வரும் பெண்களோடு அரைகுறை இந்தியில் விலை பேசி, என்னைவிட நன்றாக விற்றாள். பிறகு இருமல். ஸ்கேனில் நுரையீரலில் புள்ளிகள். அடிவயிற்றிலும் மறுபடி சந்தேகம்.

இன்னொரு பயாப்ஸி செய்து, அதற்கேற்ற மருந்து கொடுத்தால் சில மாதங்கள் கூடலாம் என்றார் டாக்டர். கூடாமலும் போகலாம். இந்த முறை வைதேகி மேடம் லீவில் இருந்தார். சுகந்தி என்னைப் பார்த்தாள்.

“நான் சொல்றதை அப்படியே சொல்லுங்கோ. கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். இனி என்னை ஒருத்தரும் திறந்து பாக்க வேண்டாம். வலிக்கு மருந்து தந்தால் அதுவே காணும்.”

எனக்கு அவள் வேண்டும். ஒரு மாதமாவது, ஒரு வாரமாவது கூட வேண்டும். ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்று இந்தியில் சொல்லிவிட்டால் ஆயிற்று, அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் சொன்னதை, ஒரு சொல்லும் மாற்றாமல், இந்தியில் சொன்னேன்.

“நீங்கள் எடுத்துச் சொல்லக்கூடாதா?” என்றார் டாக்டர்.

“அவ சொல்லியாச்சு, டாக்டர்” என்றேன்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். வலிக்கு மார்ஃபின் (அபினியிலிருந்து எடுக்கும் வலிநீக்கி) தருகிறோம். மருந்து வேலை செய்யும் நேரம், செய்யாத நேரம் என்று பொழுது இரண்டாகிவிட்டது. நாளைக்கு, அடுத்த தீபாவளிக்கு என்ற சொற்கள் எங்கள் பேச்சிலிருந்து தாமாகவே உதிர்ந்துவிட்டன. அவள் இளைத்துக்கொண்டே போகிறாள். ஆனாலும் அந்த உடம்பு இன்று முழுக்க அவள் சொல்படி இருக்கிறது. தலையணையை நகர்த்துவதற்கும் கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுகிறேன்.

இன்று காலை, தலை வாரிவிடட்டுமா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“இண்டைக்கு வேண்டாம்” என்றாள்.

சீப்பைக் கீழே வைத்தேன்.