சம்பளம் குளித்த நாள்

நாற்பதுகளில் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் இரண்டு பேர் வைத்தியம் படித்தோம். அண்ணா டாக்டருக்கு, நான் நர்ஸுக்கு. அவன் படிப்பு வருஷக்கணக்காகப் பணம் தின்றது. என் பயிற்சிக்கு முதல் மாதத்திலிருந்தே கையில் பணம் தந்தார்கள். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த அப்பா கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் என்னை அனுப்பினார். டாக்டர் ஆசை எனக்கும் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

லீவு நாளில் ஹாஸ்டலிலிருந்து டிராம் பிடித்து வருவேன். வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது. சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, அம்மா வைத்திருக்கும் மாற்றுப் புடவையைக் கட்டிக்கொண்ட பிறகுதான் உள்ளே வரலாம். யார் யாருடைய சீழையோ தொட்டவளாம் நான். அண்ணாவோ பிணத்தை அறுத்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூடத்தில் உட்காருவான். அவன் டாக்டராகப் போகிறவன் அல்லவா!

ஆனால் என் சம்பளத்தை மட்டும் நான் குளிப்பதற்கு முன்பே அப்பா கிணற்றடியில் வாங்கிக்கொள்வார். தீட்டு எனக்குத்தான், பணத்துக்கு இல்லை. அண்ணாவின் ஃபீஸ் அதிலிருந்துதான் போயிற்று.

ஒரு மார்கழியில் இருமிக்கொண்டே வந்தேன். அப்பா வழக்கம்போல் கையை நீட்டினார். எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ, நோட்டுகளை வாளித் தண்ணீரில் முக்கியெடுத்துக் கொடியில் வரிசையாகப் போட்டேன்.

"என்னடீ பண்றே? பைத்தியமா நோக்கு?"

"அதுவும் ஆஸ்பத்திரிலேர்ந்துதானேப்பா வரது? ஸ்நானம் பண்ணிண்டு உள்ளே வரட்டும்."

சமையலறை ஜன்னலில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. அப்பா நோட்டுகள் காயும்வரை காக்கையை விரட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

அடுத்த முறை வந்தபோது கொல்லைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினேன். யாரும் வரவில்லை. வாய்த்துடுக்குக்கு இதுதான் கூலி, இனி எனக்கு வீடு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பையைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாகவே தெருவுக்கு வந்து, டிராம் பக்கம் திரும்பினேன்.

"எங்கேடீ போறே?" அப்பா வாசலில் நின்றிருந்தார். "வாசக்கதவு தெறந்துதானே இருக்கு? வா, மொதல்ல சாப்பிடு."

கூடத்தில் அண்ணாவின் இலைக்குப் பக்கத்தில் எனக்கும் இலை போட்டிருந்தது. அன்று சம்பளத்தை நானாகத்தான் எடுத்துக் கொடுத்தேன்.