கமராவுக்குத் துலா தேடிப் போனோம்

உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய மாசியில், யாழ்ப்பாணத்துத் தோட்டங்களைப் பற்றி ஒரு சின்னப் படம் எடுக்கவென்று கொழும்பிலிருந்து இரவு மெயிலில் புறப்பட்டோம். பேசாத படம், ஓடினால் பத்து நிமிஷம். நானும், எங்கள் ஸ்ரூடியோவில் கமரா பிடிக்கும் இராசையாவும்தான் போனோம். என் கணவர் கடையைப் பார்க்கக் கொழும்பிலேயே நின்றுவிட்டார். ஒரு பெண் கமராப் பெட்டியோடு ரயில் ஏறுவதைச் சனம் பார்த்த பார்வையை எழுதி இடத்தை வீணாக்கப் போவதில்லை. இதே வேலையாகப் போகிறவர்களுக்கு உதவக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

இராசையாவின் மனதில் ஒரு காட்சி இருந்தது. மிளகாய்ப் பாத்திக்குள் ஓடும் தண்ணீரில் தொடங்கி, கமரா அப்படியே மேலே எழும்பித் தோட்டம் முழுவதையும் பனங்கூடல் வரைக்கும் காட்டவேண்டும். இடையில் வெட்டக்கூடாது. இதற்குக் கமராவைத் தூக்க ஒரு நீளக் கை வேண்டும். கொழும்பில் வாடகைக்கு ஓர் இரும்புக் கை இருந்தது. லொறியும் நாலு ஆளும் இல்லாமல் அது அசையாது. எங்கள் ஊர் ஒழுங்கைக்குள், அந்த ஒடுங்கிய சந்துகளுக்குள், திரும்பவும் மாட்டாது. எங்கள் கமராவோ சாவி முறுக்கினால் தானே ஓடுகிற சின்னச் சாமான்.

"யாழ்ப்பாணம் முழுக்கத் துலா நிக்குது அக்கா. பிறகேன் இரும்பு?" என்றார் இராசையா. துலா என்றால் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றமரம்; ஒரு நுனி தாழ மறு நுனி எழும்பும்.

காலையில் யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் இறங்கி, வாடகைக் கார் பிடித்து, ஐந்து மைல் தள்ளியுள்ள ஒரு வலிகாமத்துக் கிராமத்துக்குப் போனோம். ஊரின் பெயரை எழுதவில்லை. பக்கத்து ஊர்க்காரர் தாங்கள் தப்பினோம் என்று நினைத்துவிடக்கூடாது. அங்கே அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறார். எனக்கு மாமா முறை. அவருடைய தோட்டத்தில் இரண்டு துலா. பெரியதில் ஓர் ஆள் மேலே ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, இன்னோர் ஆள் கீழே நின்று இறைப்பார். அது எங்களுக்கு உதவாது. கமராவை வானத்துக்குக் கொண்டுபோய்விடும். நாற்றுமேடைக் கிணற்றில் நின்ற சின்னத் துலா அளவாக இருந்தது. இராசையா வாசற் படலைக்குள் நின்றபடியே பார்த்து, "இதுதான்" என்றார்.

மாமா சந்தோஷமாகத்தான் வரவேற்றார். எனக்குப் பளபளக்கும் பித்தளை மூக்குப்பேணியில் கோப்பி வந்தது. நான் கமராவைத் துலா நுனியில் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் இராசையாவைப் பார்த்து, "தம்பி எவடம்?" என்று கேட்டார்.

"தென்மராட்சி."

"தேப்பன் என்ன செய்யிறார்?"

"கள்ளுச் சீவுறவர்."

இராசையா அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவில்லை. அவருக்கான கோப்பி பிறகுதான் வந்தது, சிரட்டையில். மாமா என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோனார்.

"பிள்ளை, உவன் கிணத்தடிக்கு வரக்கூடாது. துலாவிலையும் கை வைக்கக்கூடாது. நீ படத்தைப் பிடி. உவன் ஒழுங்கையிலை நிக்கட்டும்."

"படம் பிடிக்கிறது அவர்தான், மாமா."

"உனக்கும் தெரியும்தானே பிடிக்க?"

தெரியும். அதுதான் சங்கடம். வெயில் பாத்தியில் சரியாக விழுந்திருந்தது. துலாவும் கையில் இருந்தது. ஒரு பத்து நிமிஷம் வாயை மூடியிருந்தால் வேலை முடிந்துவிடும். இராசையா சிரட்டையைத் தொடாமல் நின்றார். நான் போட்ட முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"ஒரு துலாவுக்காகச் சொந்தத்தை முறிக்கிறியோ?" என்று மாமா கத்தினார்.

"துலாவுக்காக இல்லை" என்றேன். கமராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தோம்.

ஒழுங்கையில் இராசையா என்னோடு சண்டை பிடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஏன் அக்கா அவிட்டனீங்கள்? நீங்கள் எடுத்திருக்கலாம். நான் வெளியிலை நிண்டு பழகின ஆள்."

"வெளியிலை விட்டு நான் பழகேல்லை."

ஒழுங்கைத் திருப்பம் வரை நடந்தோம். பிறகு அவர் நின்றார். "அப்பிடியெண்டால் கேளுங்கோ. அந்தக் காட்சி என்ரை. அதே தோட்டத்தைத்தான் எடுப்பன். ஒழுங்கையிலை நிக்கச் சொன்னவர்தானே? நிக்கிறன்."

அங்கிருந்து நேரே குருநகருக்குப் போனோம். கரையில் வள்ளம் திருத்தும் பிலிப்பு அண்ணையிடம், கமராவைத் தூக்க ஒரு மரம் வேண்டும் என்றோம். அவர் சிரித்துவிட்டு, "கிடக்கிறதிலை விருப்பமானதை எடுங்கோ" என்றார். முதலில் ஒரு மூங்கிலை எடுத்தோம். பாரமில்லை, ஆனால் உயர்த்தி நிறுத்தியபிறகும் நுனி ஆடிக்கொண்டே இருந்தது. அடுத்தது ஒரு பழைய பாய்மரம். அது அசையவில்லை, எங்களாலும் அதை அசைக்க முடியவில்லை. கடைசியில் ஒரு சின்ன வள்ளத்தின் பருமல், அதாவது பாயை விரித்துக் கட்டுகிற குறுக்குமரம், எங்களுக்குச் சரிவந்தது. வளையாது, இரண்டு பேர் தூக்கலாம். அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை விட்டு அண்ணை துளை போட்டார். ஒரு தள்ளுவண்டியில் இரண்டு கால் நட்டு, நடுவே இரும்புக் கம்பி கோத்து அதைப் பூட்டினோம். வால் பக்கம் ஒரு துண்டு வலையில் கற்களை நிரப்பிக் கட்டினோம். கமரா எழும்பும்போது தலை அண்ணாந்துவிடாமலிருக்க, இராசையா அதை ஒரு சின்னப் பலகையில் பூட்டி, மரத்துக்குச் சமாந்தரமாக ஒரு கயிறு ஓடவிட்டார்.

மறுநாள் காலை வண்டியோடு மாமாவின் ஒழுங்கைக்குப் போனோம். வேலிக்கு வெளியே நின்றபடி கமராவுக்குச் சாவி முறுக்கினோம். காட்சி இப்போது வேலியின் அடியில், ஒழுங்கைப் புழுதியில் தொடங்கியது. இராசையா வாலை மெதுவாக அமத்தினார். கமரா வேலியின் ஓலைக் கிடுகுகளைத் தடவிக்கொண்டு எழும்பி, வேலிக்கு மேலே போய்த் தோட்டத்தைப் பார்த்தது. உள்ளே பெரிய துலாவில் நடந்துகொண்டிருந்த மனிதர் எங்களைக் கண்டு ஒருகணம் நின்றார். பிறகு, இதெல்லாம் தினமும் நடப்பது போலத் திரும்பவும் நடக்கத் தொடங்கினார்.

மாமா படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். தகப்பனின் தொழிலைக் கேட்டபிறகு அவர் இராசையாவோடு நேராகக் கதைத்தது அப்போதுதான். "ஆரைக் கேட்டு என்ரை வளவைப் பாக்கிறாய்?"

"ரோட்டிலை நிக்கிறன். நீங்கள் நிக்கச் சொன்ன இடம்."

சனம் கூடிவிட்டது. மாமா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் வண்டியில் கை வைக்கவில்லை; அத்தனை பேருக்கு முன்னால் இராசையாவின் கை பட்டதைத் தொட அவருக்கு விருப்பமில்லை போலும்.

"அக்கா, இன்னொருக்கால் எடுக்கவேணும். நல்ல வெளிச்சம்" என்றார் இராசையா. எடுத்தோம். மாமா படலையடியிலேயே நின்றார். இரண்டாவது முறை அவர் தலையும் வேலி ஓரத்தில் கொஞ்சம் படத்தில் விழுந்திருக்கிறது. கொழும்பில் படத்தைப் போட்டபோது அதை வெட்டச் சொல்லிச் சொந்தக்காரர் ஆள் விட்டார்கள். வெட்டவில்லை. அந்தப் பக்கத்துக் கலியாணங்களுக்கு இப்போது எங்களுக்குச் சொல்லுவதில்லை. இராசையா அடுத்த படத்துக்கு வேறொரு மரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சின்னக் கமராவுக்கு இரும்பு வேண்டாம். மூங்கிலை நம்பவேண்டாம். பாரக் கற்களை அங்கேயே பொறுக்கலாம், வலை மட்டும் பழையதாக இல்லாமல் பாருங்கள். மாசியில் காலை எட்டு மணிக்குள் எடுத்துவிடவேண்டும். பிறகு காற்று வந்து மரத்தை ஆட்டும். கிணற்றுத் துலா நல்ல சாமான்தான். ஆனால் உங்களோடு வந்தவரை வெளியே விட்டுவிட்டு வரச்சொன்னால், கமராவை அவிழ்த்துக்கொண்டு வாருங்கள். அந்த ஊர் வேலி ஏழடி. எங்கள் பருமல் பதினான்கடி.