கழுத்துக்கட்டுக்கு மூன்று அர்த்தம்

"செத்த நேரம் கரண்டியக் கீழ வையி அப்பு. கழுத்துக்கட்டுன்னு சொன்னியே, அது என்னது?"

கொத்தனார் சோலைமலையின் கரண்டியில் கலவை இறுகிக்கொண்டிருந்தது. ஏணியின் பாதியில் தொற்றிக்கொண்டு கேள்வி கேட்டவர் ராயப்பராஜ். கீழே அவருடைய மனைவி அமலராணி, மாவு அப்பிய கைகளோடு, இன்றைக்காவது வேலை முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ராயப்பராஜ் ரயில்வே பார்சல் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு சொற்களைத் துரத்துவதுதான் முழுநேர உத்தியோகம். பிரியாணிக் கடைக்குப் போனால், தம் போடும் மூடிமேல் அள்ளிவைக்கிற தணலுக்குத் தனிப்பெயர் உண்டா என்று மாஸ்டரைக் கேட்பார். பின்னால் நிற்பவர்கள் பசியில் முறைப்பார்கள். பூட்டு வாங்கப் போய், சாவியின் பல்லுக்குப் பெயர் விசாரித்துவிட்டு, பூட்டை மறந்து வந்திருக்கிறார். சொந்தச் சித்தப்பாவின் அடக்கத்தன்று, சவப்பெட்டி செய்தவரைக் கல்லறை ஓரமாக மடக்கியவர். புதுச்சொல் கிடைத்துவிட்டால் முகம் மலர்ந்துபோகும். அந்த மலர்ச்சியைக் கண்டாலே அன்றைய வேலை கெட்டது என்று அமலராணி இப்போதெல்லாம் முடிவு கட்டிவிடுகிறார்.

திண்டுக்கல்லில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் விறகு அடுப்பில் பன்னும் ரஸ்க்கும் போட்டு, பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளுக்குக் கொடுத்து வருகிறார் அமலராணி. ஐப்பசி மழையில் புகைக்கூண்டு இடிந்து விழுந்தது. அன்றிலிருந்து அடுப்பு எரியவில்லை. பெரிய வாடிக்கையான நாசர் நேரிலேயே வந்து சொல்லிவிட்டார்: "சனிக்கிழம காலைல பன்னு வரலைன்னா வேற எடத்துல சொல்லிருவேங்க்கா. தப்பா நெனைக்காதீங்க." நாசர் போனால் மற்ற கடைகளும் பின்னாலேயே போய்விடும். இருபது வருஷமாகப் பிடித்துவைத்த வியாபாரம்.

சோலைமலைக்குக் கழுத்துக்கட்டு ஒரு பெரிய விஷயமே இல்லை. அடுப்புக்கு மேலே கூண்டு தொடங்கும் இடத்தில், நாலு பக்கமும் செங்கல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து வழியைக் குறுக்குவது. "பொகை திரும்பி உள்ள வராதுங்கய்யா. அம்புட்டுத்தான்."

ராயப்பராஜ் அத்தோடு விட்டிருந்தால் அவர் ராயப்பராஜே இல்லை. வேடசந்தூரில் மில் கட்டட வேலை பார்க்கும் ஈஸ்வரன் என்ற கொத்தனாரைப் போனில் பிடித்தார். அவர் சொன்னது வேறு. கூண்டு கூரையைத் தாண்டி வெளியே வரும் இடத்தில், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் சுற்றிப் பூசுகிற வளையம்தான் கழுத்துக்கட்டு.

சோலைமலை டீ குடித்துவிட்டு வருவதற்குள், காலையில் அவர் கட்டிய வரிசை முழுவதையும் ராயப்பராஜ் கடப்பாரையால் நெம்பித் தள்ளியிருந்தார்.

"யய்யா! பேரு எதுக்கு இருந்தா என்ன, ரெண்டும் வேணும்ல?"

"வார்த்தையே தப்பா இருக்கு. கட்டடம் மட்டும் எப்படி அப்பு சரியா இருக்கும்?"

சோலைமலை கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டார். "அர்த்தம் தெரிஞ்சதும் போன் போடுங்க. வாரேன்."

அமலராணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கட்டிய மனிதரை என்ன செய்வது? குடிப்பழக்கம் இருந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்லிக் கண்டிக்கலாம். அர்த்தம் தேடுகிறவரை யாரிடம் சொல்வது? ராயப்பராஜோ, எரியோட்டில் பேச்சாயி என்று ஒரு அம்மா இருக்கிறார், காளவாசலில் செங்கல் சுமந்தவர், அவரைக் கேட்டால் தெளிந்துவிடும் என்று குதூகலமாகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாங்க. அவசரமே இல்ல. ராத்திரி தங்கியே வாங்க" என்றார் அமலராணி.

பஸ் புறப்பட்டிருக்கும் என்று தெரிந்ததும் சோலைமலைக்குப் போன் போனது. அன்று வெள்ளிக்கிழமை. பொழுது சாய்வதற்குள் உள்ளே குறுக்கலும் வெளியே வளையமுமாகக் கூண்டு எழுந்து நின்றது. "இளந்தீயாப் போட்டுக் காயவிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார் சோலைமலை.

சனிக்கிழமை காலை. பன் உப்பி, மேல்தோல் சிவந்து வரும் நேரம். புகை ஒழுங்காக மேலே போய்க்கொண்டிருந்தது. வாசலில் ராயப்பராஜின் குரல் கேட்டது. தோளில் கனமான வைக்கோல் பிரி ஒன்று தொங்கியது.

"அமலு, ரெண்டு பயலும் தப்பாச் சொல்லிட்டானுக! காளவாசல்ல மொதத் தீ மூட்டுறதுக்கு முன்னாடி, கண்ணு படாம இருக்க, கூண்டச் சுத்திப் பிரி கட்டுவாகளாம். அதான் கழுத்துக்கட்டு. பேச்சாயியே கையால முறுக்கிக் குடுத்துச்சு." அப்போதுதான் புகையைக் கவனித்தார். முகம் வாடியது. "அதுக்குள்ள மூட்டிட்டியா? அணை, அணை. கட்டிட்டு மூட்டுவோம்."

பக்கத்தில் தண்ணீர் வாளி இருந்தது. அவர் கை அதை நோக்கி நீண்டது.

அமலராணி வாளியைக் காலால் நகர்த்தினார். தட்டுகளை வெளியே இழுத்துப் பன்களைப் பெரிய அலுமினியத் தட்டில் அடுக்கினார். கணவர் தோளிலிருந்த பிரியை உருவி, சுருள் சுருளாகச் சுற்றி, சும்மாடாக்கி அவர் தலையிலேயே வைத்தார். அதன்மேல் தட்டைத் தூக்கி ஏற்றி, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து விளிம்பில் பதித்தார்.

"நாசர் கடை."

புகைக்கூண்டை அண்ணாந்து பார்க்க வழியில்லாமல், தலையை அசைக்காமல், ராயப்பராஜ் மெல்லத் தெருவில் இறங்கினார்.