மறுமுனை பிடித்தவள்

பெட்ஷீட்டைத் தொடும் முன் விரல் நுனிகளை ஒருமுறை ஊதிக்கொள்வாள். டிரையரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் துணியைப் பதினோரு வருடமாக மடித்த கைக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆறிப்போன துணி வந்தாலும் ஊதல் நிற்காது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஊதல் அக்கா என்றே பெயர்.

எதிர்முனை பிடிப்பவள், காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் சலவை என்று ஓடும் பெண். அவள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். போன வருடம் தனிநடிப்பு விழாவில் மேடையேறி, வாயடைத்து நின்று, அழுதபடி இறங்கியவள். இந்தத் தடவையும் சொதப்பினால் நாடகக் குழுவில் இடமில்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அதனால் இரண்டு மாதமாக மடிப்பு மேசையிலேயே ஒத்திகை நடந்தது. ஒரு மடிப்புக்கு ஒரு வரி.

"அக்கா, விழாவுக்கு நீ வந்து எதிர்ல உட்காரணும்."

"நான் வந்து என்னடி பண்ணப் போறேன்? கைதட்டத்தான் தெரியும்."

"அது போதும்."

சூப்பர்வைசர் குதித்தார். "ரெண்டு பேரும் கிளம்பிட்டா மடிக்கிறது யாரு, என் மாமியாரா?"

"வரச் சொல்லுங்க சார், பழக்கி விட்டுட்டே போறோம்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு மணி நேரம்தானே சார்? நாளைக்குச் சீக்கிரமே வந்து சரிக்கட்டிடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு அக்கா கிளம்பினாள்.

விழாவில் அந்தப் பெண் நடித்தது, வேலைக்காக வெளியூர் போகும் மகளுக்குப் பெட்டி அடுக்கும் தாயின் பேச்சு. முதல் வரி கணீரென்று வந்தது. இரண்டாவது வரவில்லை. மேடையில் அவள் கைகள் காற்றைத் துழாவின.

"போச்சுடா, இந்த வருஷமும்" என்றது பின்வரிசை.

மூன்றாம் வரிசையில் இருந்த அக்காவுக்குச் சட்டென்று உறைத்தது. வெறுங்கை! துணி இல்லாமல் இவளுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்?

எழுந்து நின்றாள். விரல் நுனிகளை ஊதினாள். இல்லாத விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்துக் கைகளை அகல விரித்தாள்.

மேடையிலிருந்தவள் பார்த்தாள். மறு மூலைகளைப் பற்றினாள். இருவரும் ஓர் உதறு உதறினார்கள்.

"இதையும் எடுத்துட்டுப் போ. அங்க குளிரும்."

மடிப்புக்கு மடிப்பு வரி வந்து விழுந்தது. கடைசி வரியோடு கடைசி மடிப்பும் முடிந்தது. பிறகு கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பின்வரிசைதான் முதலில் எழுந்து நின்றது.

ஆசிரியர் ஓடிவந்தார். "இங்கிருந்து உங்கள நடிக்கச் சொன்னது யாரும்மா?"

"நடிச்சேனா? நான் மடிச்சேன் சார்."

குழுவின் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயரை முதலில் வாசித்தார்கள். அக்கா கை சிவக்கத் தட்டினாள்.

மறுநாள் ஆளாளுக்குக் கதை கேட்க, இருவரும் நடித்துக் காட்ட, இன்னும் அரை மணி நேரம் கரைந்தது. சூப்பர்வைசரும் கைதட்டிவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, என்னோட ஒரு மணி நேரம்?"

"வரும் சார்."

அந்தப் பெண் பட்டம் வாங்கி இரண்டு வருடமாகிறது. அந்த ஒரு மணி நேரம் இன்னும் வரவில்லை.