நனைந்த சரக்கு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் படகுத்துறையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கம்பவுண்டர் அறைந்த கன்னம் எரிந்தது. நர்சிங் ஹோமிலிருந்து என்னை விரட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அங்கே நான் அட்டெண்டர். ஐந்தாம் கட்டிலில் காதர் ராவுத்தர், அடுத்த கட்டடத்து மிளகுக் கிடங்கின் தராசுக்காரர். கால்கள் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தே தூங்குவார். எறணாகுளத்திலிருந்து வாரம் இருமுறை வரும் டாக்டர் என்னிடம் சொன்னார்: "கிட்னி கெடலைப்பா. ஹார்ட் தளர்ந்துபோச்சு. ரத்தம் முன்னால சரியாப் போகலை, பின்னால தேங்கி நிக்குது. அந்தத் தேக்கத்துல கிட்னியும் மாட்டிக்கிச்சு, மூத்திரம் பிரியலை. உப்பு கூடாது. தண்ணி நாலு கிளாஸ். உள்ள போறதையும் வெளிய வர்றதையும் அளந்து எழுது."

அவர் போட்ட மெர்க்குரி ஊசியில் அன்று மூத்திர பாட்டில் நிறைந்தது. நான்கே நாளில் பழையபடி வற்றியது. என் சார்ட்டில் தண்ணீர் நாலு கிளாஸ்தான்.

"கிட்னி போயி. ஸலைன் கேற்றணும்" என்றார் கம்பவுண்டர்.

ராவுத்தரின் மனைவியிடம் ஓடினேன். "இத்தா, வேற என்ன குடுத்தீங்க?"

"வெள்ளம் ஒரு சொட்டு கூடுதல் குடுக்கலை தம்பி. கஞ்சிதான். இடையில சீரக வெள்ளம். அது மருந்தல்லோ?"

"கஞ்சில உப்பு?"

"உப்பில்லாத கஞ்சிய நாயாவது குடிக்குமா?"

கஞ்சியை நானும் சாப்பாடு என்றே விட்டிருந்தேன். எழுதவில்லை.

ராவுத்தர் கேட்டார்: "என்னத் தராசுல ஏத்துடா." சேர்ந்த அன்று கிடங்கில்தான் எடை பார்த்திருந்தோம். நாற்காலியோடு தூக்கிப்போனோம். பதினொரு ராத்தல் கூடியிருந்தது.

"சோறே இறங்கலை, எடை மட்டும் ஏறுது" என்று மூச்சுவாங்கச் சிரித்தார். "மிளகா இருந்தா நனைஞ்ச சரக்குன்னு திருப்பி அனுப்பியிருப்பேன்."

திரும்பி வந்து ஸலைன் ஸ்டாண்டுக்குக் குறுக்கே நின்றேன். "சாரே, உள்ள வெள்ளம் நிறைஞ்சு கிடக்கு. வேண்டாம்."

"ஏழாம் கிளாஸ்காரன் எனிக்குப் படிப்பிக்குன்னோடா?"

அறை விழுந்தது. ஸலைன் ஊசியும் ஏறியது. உப்புத் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்த மனுஷனுக்கு மேலும் உப்புத் தண்ணீர்!

படகேறி டாக்டரை அழைத்து வந்தேன். ஸலைனைப் பிடுங்கி எறிந்தார், மெர்க்குரி போட்டார். அதற்குள் தண்ணீர் நுரையீரலுக்கு ஏறிவிட்டது. அந்தி மக்ரிப் பாங்குக்கு முன்பே ராவுத்தர் போய்விட்டார். கம்பவுண்டர் கேஸ் ஷீட்டில் 'கிட்னி' என்று எழுதினார். அந்தப் பொய்யை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. என் சார்ட்டின் பொய்யையும்தான். அளக்கச் சொன்னால் கஞ்சியையும் அளக்க வேண்டும்.

மறுநாள் காலை அதே கிடங்கில் தராசு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டேன். ஈரம். தராசிலிருந்து இறக்கச் சொன்னேன்.